தன்னெலும்பே தனக்குத் துணை

கால் முறிந்து மாதங்கள் பல ஆகியும் எலும்பு கூடவில்லையென்றால், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து முறிந்த இடத்தில் வைக்க வேண்டுமென்று டாக்டர் சொல்வதுண்டு. கேட்ட மாத்திரத்தில் வீட்டார் திகைத்துப் போகின்றனர். முறிந்தது கால்; நன்றாயிருக்கும் இடுப்பை ஏன் வெட்ட வேண்டும்? நோயாளியை இரு மடங்கு வருத்துவதைவிட, தாயோ தமையனோ தம் எலும்பைக் கொடுக்கலாகாதா? ஊரை விட்டு வந்து, கலந்து பேசப் பெரியவர்கள் அருகில் இல்லாமல் வாழும் நம் குடும்பங்களில், இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காமலே சிகிச்சை தள்ளிப் போவதுண்டு. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளன்று. அதனுள் இரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அங்கே ஓயாது உழைக்கின்றன. முறிந்த எலும்பு கூடுவது இவ்வுழைப்பினால்தான். முறிவில் இடைவெளி பெரிதாயிருப்பினும், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குன்றினும், இவ்வேலை தடைப்படலாம். அப்பொழுது ஒட்டு தேவைப்படுகிறது.

ஒட்டு என்றதும் நமக்கு ஒட்டு மாங்கன்று நினைவுக்கு வரும். அமெரிக்கச் சத்திர சிகிச்சை நிபுணர் பிரெட் ஆல்பீ விஷயத்தில் இவ்வொப்புமை வெறும் அலங்காரமன்று. மெயின் மாநிலத்துக் கிராமமொன்றில் பிறந்த அவர், பழமரங்களுக்கு ஒட்டுக் கட்டும் வித்தையைத் தம் பாட்டனாரிடம் சிறுவயதிலேயே கற்றவர். காசநோயால் அரிக்கப்பட்ட முதுகெலும்பு மேலும் கூனிப் போகாதிருக்க, நோயாளியின் கணைக்கால் எலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து முதுகில் பதிக்கும் முறையை 1911-இல் அவர் வெளியிட்டார்.

இவ்வாறு வைக்கப்படும் எலும்பு மூன்று விதத்தில் உதவுகிறது. முதலாவது, கட்டடத்திற்குச் சாரம் போல், புதிய எலும்பு பற்றிப் படர இடந்தருகிறது. இரண்டாவது, சுற்றியுள்ள உயிரணுக்களை எலும்பு கட்டும் வேலைக்கு அழைக்கிறது. சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைப் பிராணிகளின் தசைக்குள் வைத்தாலும் அங்கே புதிய எலும்பு உண்டாவதை மார்ஷல் யூரிஸ்ட் என்பவர் 1965-இல் எடுத்துக்காட்டினார். மூன்றாவது, எலும்பைக் கட்டவல்ல உயிரணுக்களையே கூடக் கொண்டுவருகிறது. அவற்றுட் பல மடிந்தாலும், பிழைத்தவை பணியைத் தொடங்குகின்றன. நாளடைவில் புதிய இரத்தக் குழாய்கள் உட்புகுந்து, வைத்த துண்டு கரையக் கரைய அவ்விடத்தில் புது எலும்பு அமைகிறது.

இம்மூன்றும் ஒருங்கே அமைவது நோயாளியின் சொந்த எலும்பில்தான். பெற்ற தாயின் எலும்பேயாயினும் அதிலுள்ள உயிரணுக்களை உடல் அந்நியமாகவே கருதும். பிறர் தானமளித்த எலும்பைத் தூய்மை செய்து சேமித்து வழங்கும் திசு வங்கிகள் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் அத்தகைய வங்கி இருக்கிறது. அவ்வெலும்பு பெரிதும் பயன்படுகிறது. எனினும் அது சாரமாகுமேயன்றி, உயிரணுக்களைக் கொண்டுவராது.

ஒட்டெலும்பை இரத்தக் குழாயோடு சேர்த்தே மாற்றும் வழியையும் இன்று கையாளுகின்றனர். கணைக்காலின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய எலும்பு உடலின் பாரத்தில் சிறு பங்கையே தாங்குகிறது. மெல்போர்னில் இயன் டெய்லர் குழுவினர் அதனை இரத்தக் குழாயுடன் எடுத்து, வேறிடத்தில் பொருத்திய செய்தியை 1975-இல் வெளியிட்டனர். வாய்ப் புற்றுநோயால் தாடையெலும்பை இழந்தவர்க்கு அதே எலும்பினால் தாடை அமைக்கும் சிகிச்சை பிற்பாடு பரவியது. புகையிலையினால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில் இது எத்துணைப் பேருதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் இரண்டாவது காயம் என்பது பொய்யன்று. எலும்பெடுத்த இடத்தில் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, வலி இருக்கலாம்; தோல் மரத்துப் போகலாம்; சீழ் வைப்பதும் அரிதாக உண்டு. எடுக்கக்கூடிய அளவுக்கும் வரம்புண்டு. ஆகவே, எவ்விடத்திலிருந்து எவ்வளவு எடுப்பார்கள், வங்கி எலும்போ செயற்கைப் பொருளோ போதுமா, எப்பொழுது ஊன்றி நடக்கலாம் என்று டாக்டரிடம் கூச்சமின்றிக் கேட்டறிய வேண்டும். பாஷை தடையாயின், அவ்வூர்ப் பாஷை அறிந்த நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்வது நலம்.

வீட்டார் தம் எலும்பைக் கொடுக்க இயலாவிடினும் கொடுக்கக்கூடிய உதவி ஒன்றுண்டு. பீடி, சிகரெட்டின் நச்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஒட்டு பற்றாமல் கெடுக்கும். சிகிச்சைக்கு முன்பே அதை நிறுத்தச் செய்து, எலும்பு கூடும் வரையிலேனும் மீண்டும் தொடாமல் காப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.