மடிக்கணினி விழிக்க மறுத்தால்...

மாணவர்களே! தேர்வுக்கு முதல் நாள் இரவு. பாடக் குறிப்புகள் எல்லாம் மடிக்கணினிக்குள் இருக்கின்றன. பொத்தானை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது, விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. உடனே, "கெட்டுப்போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மூலம் பல இலட்சம் மாணவர்களின் வீடுகளுக்கு இக்கருவி வந்தது. உங்கள் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினி இன்றும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அது எப்படி விழிக்கிறது என்று தெரிந்துகொள்வோமா?

பெட்டிக்குள் சாவி

கணினி வேலை செய்ய வேண்டுமானால் ராம் எனப்படும் நினைவகத்தில் கட்டளைகள் இருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும். கட்டளைகளோ சேமிப்பு வட்டில் இருக்கின்றன. அவற்றை நினைவகத்துக்குக் கொண்டுவரவும் ஒரு கட்டளைத் தொகுப்பு வேண்டும். அதுவும் வட்டிலேயே இருந்தால் என்ன செய்வது? பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியில், முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, முதல் கட்டளைகளை மனிதரே ஊட்ட வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை, மின்சாரம் இல்லாதபோதும் மறக்காத ஒரு சில்லு செய்கிறது. அதிலுள்ள தொகுப்பைப் பொதுவாக பயாஸ் என்பர்.

நான்கு பேர் தொடர் ஓட்டம்

கணினி விழிப்பது ஒரு தொடர் ஓட்டம் போன்றது. முதலாமவர் அடாப்டர், 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெரும்பாலும் 19 வோல்ட் அளவிலான நேர்திசை மின்சாரமாக்கித் தருகிறார். இரண்டாமவர் பயாஸ்; நினைவகம், விசைப்பலகை, திரை முதலியவற்றைச் சோதிக்கிறார். மூன்றாமவர் வட்டில் இருக்கும் சிறிய ஏற்றுநிரல். அவர் அழைத்துவருபவர்தான் நான்காமவரான இயங்குதளம். கோலைத் தவறவிட்டவர் யார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

விளக்கே எரியவில்லையா? வேறு மின்செருகியில் பொருத்திப் பாருங்கள். மின்கலம் கழற்றக்கூடியதானால், அதைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் இணைத்துப் பாருங்கள். இப்போது இயங்கினால் குறை மின்கலத்தில் இருக்கலாம். இயங்கவில்லையென்றால், அடாப்டரையும் நீக்கிவிட்டுப் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். அதன்பின் அடாப்டரை மட்டும் இணைத்தால் கணினி எழுந்துவிடுவதும் உண்டு.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருக்கிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி விழித்துவிட்டது, பின்னொளிதான் பழுது. திரவப் படிகத் திரை தானாக ஒளி தருவதில்லை என்பது நினைவிருக்கட்டும். படமே இல்லாமல் 'பீப்' ஒலிகள் மட்டும் கேட்டால், அது பயாஸின் முறையீடு. பெரும்பாலும் நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமல் இருக்கும். ஒலிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நிறுவனத்தின் பெயர் தோன்றியபின் நின்றுவிட்டதா? முதல் இருவரும் பெரும்பாலும் நலமே. வட்டையோ இயங்குதளத்தையோ ஐயப்படலாம். அரசு வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸும், நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஒன்று விழிக்காமல் மற்றொன்று விழித்தால், செயலியும் நினைவகமும் திரையும் குற்றமற்றவை என்பது உறுதியாகிறது. ஓர் இயங்குதளம் மட்டும் உள்ளவர்கள், பென் டிரைவில் பதிந்த லினக்ஸைக் கொண்டு இதே சோதனையைச் செய்யலாம். விழித்ததும் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் படி எடுத்துவிடுங்கள். அதற்குமுன் வட்டை அழித்து எழுத யாரையும் அனுமதிக்காதீர்கள்.

நீர் புகுந்தால்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நேரத்தில் நனைந்த கணினியை, "வேலை செய்கிறதா, பார்ப்போம்" என்று இயக்குவதுதான் பெருந்தவறு.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ள நீரிலோ உப்புகள் கரைந்து அயனிகளாக இருக்கின்றன. மின்னழுத்தம் இருந்தால் மின்னாற்பகுப்பு நடந்து, மயிரிழை போன்ற செம்புத் தடங்கள் அரிக்கப்படும். கணினியை அணைத்திருந்தாலும், மின்கலம் உள்ளே இருக்கும்வரை சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். எனவே வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்தியபின் அடாப்டரைப் பிடுங்குங்கள். இயலுமானால் மின்கலத்தையும் கழற்றுங்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் உப்பு போய்விடாது. பழுதுபார்ப்பவர் பலகையைக் கழுவி, உலர்த்தித் தர வேண்டும். நனைந்த அல்லது உப்பிய மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடும்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் விதியும் இதுதானே?

நீங்களே செய்து பாருங்கள்: நல்ல நிலையில் உள்ள கணினியை இயக்கி, விளக்கு எரிவது, நிறுவனத்தின் பெயர் தோன்றுவது, இயங்குதளம் திறப்பது ஆகிய ஒவ்வொன்றும் எத்தனையாவது வினாடியில் நிகழ்கிறது என்று கைக்கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். என்றேனும் அது விழிக்க மறுத்தால், எந்த இடத்தில் நின்றது என்று அக்குறிப்பே உங்களுக்குச் சொல்லும்.