எழுத்துக்கோர் எண்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் இன்று தம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலையும் விழா அறிவிப்புகளையும் இணையப் பக்கங்களில் வெளியிடுகின்றனர். அப்பக்கங்களை அமைப்போர் பல வேளைகளில் தமிழறியாதவராக இருப்பர்; அவர்தம் விசைப்பலகையிலும் தமிழ் எழுத்து இராது. பெயர் நிற்கவேண்டிய இடத்தில் கட்டங்களும் வினாக்குறிகளும் நிற்குமாயின், பட்டியலால் யாது பயன்? இவ்விடர்ப்பாட்டை நீக்கும் எளிய வழியொன்றை இன்று காண்போம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் அட்டவணைக்கு யூனிகோடு என்பது பெயர். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அதன்படி அகரத்தின் எண் 2949. ழகரத்தின் எண் 2996. இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்.டி.எம்.எல். முறையில், & என்னும் குறி, # என்னும் குறி, எழுத்தின் எண், இறுதியில் அரைப்புள்ளி ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதினால் அவ்வெழுத்துத் திரையில் தோன்றும். &#2996; என்று எழுத, ழகரம் வரும்.

எண்களை மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. எழுத்தை இட்டால் குறியீட்டைத் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. விண்டோஸ் கணிப்பொறியிலுள்ள கேரக்டர் மேப் என்னும் கருவியும் உதவும். ஆனால் அது பதினாறை அடியாகக் கொண்ட எண்ணையே காட்டும். அதனைக் கையாளும்போது # குறியை அடுத்து எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்தல் வேண்டும்.

தமிழ் என்னும் சொல்லில் இலக்கணத்தார் எண்ணும் எழுத்துகள் மூன்றே. கணிப்பொறியோ ஐந்தாக எண்ணும். தகரம் 2980, மகரம் 2990, இகரக் குறி 3007, ழகரம் 2996, புள்ளி 3021 என்பனவே அவ்வைந்தும். இவற்றுள் புள்ளியை விட்டுவிட்டால் சொல் ‘தமிழ’ என்று நிற்கும். ஆதலின் உயிர்மெய்க்கும் மெய்க்கும் உரிய குறிகளை மறவாது சேர்த்தல் கடன்.

நன்கொடைக் கணக்கு எழுதுவோர்க்கு ரூபாய்க் குறியும் தேவை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தமிழரான உதயகுமார் வரைந்த ₹ என்னும் குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலையில் ஏற்றது. அதன் எண் 8377. பழந்தமிழ்க் கணக்கேடுகளின் ரூபாய்க் குறியாகிய ௹ வேறு; அதன் எண் 3065. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இடலாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஔவை என்னும் பெயரின் முதலெழுத்து 2964 என்னும் ஒரே எண்ணுக்குரியது. அதனை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து, 2962, 2995 என எழுதினாலும் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. ஆனால் பின்னொரு நாள் அப்பெயரைத் தேடும் கணிப்பொறி, அது பட்டியலில் இல்லை என்றே கூறும். உறுப்பினர் ஒருவர் உரிமையிழக்க இத்துணைச் சிறு பிழையே போதும்.

தமிழில் நேரே தட்டெழுத இயலுமாயின், பக்கம் யூ.டி.எஃப்-8 முறையில் உள்ளதென்று அதன் தலைப்பில் அறிவித்துவிட்டு அவ்வாறே எழுதுதல் நன்று. தமிழ்ப் பலகை இல்லாதவிடத்தும், எழுத்தைச் சிதைக்கும் பழைய அமைப்புகளிலும் எண்முறை கைகொடுக்கும். அன்றியும் &, < ஆகியவை ஹெச்.டி.எம்.எல். தனக்கெனக் கொண்ட குறிகள். அவற்றை எழுத்தாகவே காட்ட விரும்பின் முறையே 38, 60 என்னும் எண்களால் எழுதுக. எம்முறையில் எழுதினும், வெளியிடுமுன் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுக.