சர்வர் ஓடுது.. வெப்சைட் வரலையா? 'விலாசம்' மாறி இருக்கலாம்! சரி பார்ப்பது எப்படி?

சாமளாபுரம்,

"சர்வர் நல்லாத்தான் ஓடுது.. ஆனா கம்பெனி வெப்சைட் மட்டும் வரலை". பனியன் கம்பெனி, விசைத்தறி ஆபீஸ்களில் கேட்கும் புலம்பல் இது. உடனே சர்வரை நிறுத்தி மீண்டும் ஓட விடுவார்கள். சில நேரம் அதுவே வினையாகி விடும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாவு நூல் ஏற்றிய வேன் பழைய விலாசத்துக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? புது ஷெட்டில் தறி தயாராக இருந்தும் ஓடாது. இன்டர்நெட்டிலும் இதே கதைதான். வெப்சைட் பெயரைச் சொன்னால் அது இருக்கும் கம்ப்யூட்டரின் எண்ணை (ஐ.பி.) எடுத்துக் கொடுக்கும் விலாசப் புத்தகம்தான் 'டி.என்.எஸ்.'. அதில் எண் தப்பாக இருந்தால் சர்வர் ஓடியும் பயன் இல்லை.

தீபாவளி அன்று நடந்தது

உலகப் பெரிய கம்பெனிக்கே இந்த சிக்கல் வந்தது. 2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரப்படி பகல் 12.18 மணிக்கு அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுடில் கோளாறு தொடங்கியது. விலாசத்தைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி புரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதில், அமேசானின் முக்கிய டேட்டாபேஸ் சேவையின் விலாசப் பதிவு காலியாகி விட்டது.

ஊழியர்கள் கையால் சரி செய்த பிறகே பிற்பகல் 2.55 மணி அளவில் விலாசம் திரும்பியது. ஆனாலும் அங்கு புது கிளவுட் கம்ப்யூட்டர்களைத் தொடங்குவது முழுமையாக சீராக மறுநாள் அதிகாலை ஆகி விட்டது. ஸ்னாப்சாட், சிக்னல், கேன்வா போன்றவையும் பாதிக்கப்பட்டன.

எண் ஏன் மாறுகிறது?

கிளவுட் கம்ப்யூட்டர் என்பது வாடகை வீடு மாதிரி. அமேசானில் வெறும் 'ரீஸ்டார்ட்' செய்தால் எண் மாறாது. முழுசாக நிறுத்தி மீண்டும் ஓட விட்டால், நிலையான எண் வாங்காதவர்களுக்கு வேறு எண் வந்து விடும். விலாசப் புத்தகத்திலோ பழைய எண்ணே இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

* ஆபீஸ் வைபையில் ஒரு தடவை, செல்போன் டேட்டாவில் ஒரு தடவை வெப்சைட்டை திறந்து பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால், பழைய விலாசம் எங்கோ தங்கி இருக்கலாம்.

* விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் திரையைத் திறந்து 'என்எஸ்லுக்அப்' என ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு வெப்சைட் பெயரை கொடுங்கள். வரும் எண்ணும், கிளவுட் கணக்கில் உள்ள எண்ணும் ஒன்றா எனப் பாருங்கள்.

* வேறாக இருந்தால் 'ஏ' பதிவில் புது எண்ணைப் போடுங்கள். ஆனால் 'நேம் சர்வர்' எந்த கம்பெனியில் உள்ளதோ அங்குதான் மாற்ற வேண்டும். பழைய கம்பெனி கணக்கில் எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

* மாற்றியதும் பதற வேண்டாம். 'டி.டி.எல்.' 86,400 வினாடி என்றிருந்தால் பழைய எண் ஒரு நாள் வரை தங்கலாம். சர்வர் மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300 ஆக குறைத்து விட்டால் 5 நிமிடத்தில் வேலை முடியும்.

மெயில் ஜாக்கிரதை

மெயிலுக்கு 'எம்.எக்ஸ்.' என்ற தனிப் பதிவு உண்டு. அவசரத்தில் அதை அழித்தால் பையர் அனுப்பும் ஆர்டர் மெயில் வந்து சேராது. ஆர்டர் தள்ளிப்போனால் அடி தையல்காரர், செக்கிங் பெண்கள் வரை விழும்.

கை விட்ட பழைய எண்ணை கிளவுட் கம்பெனி வேறு ஒருவருக்கு கொடுத்து விடும். அவர் மோசடிப் பேர்வழியாக இருந்தால், உங்கள் பெயரிலேயே போலிப் பக்கம் காட்ட முடியும். எனவே வேண்டாத பதிவுகளை உடனே நீக்குங்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. வெப்சைட் பெயரின் பாஸ்வேர்டும், புதுப்பிக்கும் தேதியும் ஓனர் கையில் இருக்கட்டும். செட்டப் செய்து கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய் விட்டால், விலாசத்தை மாற்றவே வழி இல்லாமல் திண்டாட நேரிடும்.