நிபெலுங்கர் சென்ற ஆற்றுவழியில்

காவியம் ஒன்றைப் பயில்வதற்குப் பல முறைகள் உண்டு. உரையாசிரியரைத் துணைகொண்டு பயிலலாம். பழைய சுவடிகளை ஒப்புநோக்கிப் பயிலலாம். சைக்கிளில் ஏறி, அக்காவியம் நடந்த வழியே உழக்கிச் சென்றும் பயிலலாம். இம்மூன்றாவது முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

காவியத்தின் பெயர் 'நிபெலுங்கன்லீட்'. நிபெலுங்கரின் பாட்டு என்பது பொருள். கி.பி. 1200ஆம் ஆண்டளவில் பழைய ஜேர்மன் மொழியில் எழுந்தது. 39 பகுதிகளும் ஏறத்தாழ 2400 நான்கடிப் பாடல்களும் கொண்டது. இதன் முதன்மையான மூன்று சுவடிகளை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டு உலக நினைவகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பாடியவர் பெயர் தெரியாது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். றைன் நதிக்கரையிலுள்ள வோம்ஸ் நகரத்து அரசர்களின் தங்கை கிரீம்ஹில்ட். அவளுடைய கணவன் சீக்பிரீட் என்னும் வீரனை, அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹாகன் வஞ்சகமாகக் கொன்றுவிடுகிறான். ஆண்டுகள் பல கழிகின்றன. ஹூணர்களின் மன்னன் எட்செல், வரலாற்றில் அத்திலா என அறியப்படுபவன், அவளை மணம் பேசித் தூது அனுப்புகிறான். பழிவாங்குவதற்கு ஒரு வழி கிடைத்ததென்று அவள் இணங்குகிறாள். டான்யூப் நதியோரமாகக் கிழக்கே பயணமாகி அரசியாகிறாள். பின்னர் உடன்பிறந்தாரை விருந்துக்கு அழைக்கிறாள். அவர்களும் அதே நதியோரமாக வருகிறார்கள். எவரும் திரும்பவில்லை.

ஆகவே இக்காவியத்தின் பிற்பாதி முழுவதும் ஓர் ஆற்றுவழிப் பயணம். தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கு நதி, வழி என்னும் இரு பொருளும் உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆற்றுப்படை நூல்களில் வருவது வழி என்னும் பொருள். டான்யூப் கரையில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

அங்கே சைக்கிள் ஓடுவதற்கென்று அமைந்த பாதை நேற்று முளைத்ததன்று. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னர், பாரமேற்றிய ஓடங்களை நீரோட்டத்துக்கு எதிராக மேற்கே கொண்டுசெல்லக் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். குதிரைகள் நடப்பதற்குக் கரையோரம் ஒரு தடம் வேண்டியிருந்தது. 1830ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. குதிரைகளின் தொழில் காலப்போக்கில் மறைந்தது, தடம் எஞ்சியது. ஆஸ்திரியர்கள் 1980களில் அத்தடங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சைக்கிள் பாதையாக்கினார்கள்.

குதிரைக்கு ஏற்றது சைக்கிளுக்கும் ஏற்றது. மலை நாடாயினும் ஆற்றங்கரையில் ஏற்றம் இல்லை. ஆறு கீழ்நோக்கி ஓடுவதால் சைக்கிளும் தானாக உருளும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜேர்மன் எல்லையிலுள்ள பாஸவ் நகரிலிருந்து வியன்னா வரை முந்நூறு கிலோமீற்றருக்குள் நீர் இறங்குவது ஒரு கிலோமீற்றருக்கு அரை மீற்றர் அளவுதான். கால்களுக்கு அது தெரியவே தெரியாது. உண்மையில் துணைபுரிவது மேற்கிலிருந்து வீசும் காற்று. பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதற்குக் காரணமும் அதுவே.

நான் 2023ஆம் ஆண்டுக் கோடையில், ஜேர்மனியில் வசிக்கும் என் பெறாமகனோடு பாஸவிலிருந்து ஹங்கேரியின் எஸ்டர்கோம் வரை சென்றேன். பத்து நாள், நாளொன்றுக்கு அறுபது கிலோமீற்றர் அளவில். கரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில் மாற்றுடை, மழையங்கி, ஒரு ரியூப், காற்றுப்பம்பு, காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியன இருந்தன. "சித்தப்பா, புத்தகத்தைப் போனில வாசிக்கலாமே, பாரம் குறையும்" என்றான் பையன். நான் இணங்கவில்லை.

வழியில் ஆற்றைக் கடக்க ஓடங்கள் உண்டு. லின்ஸ் நகருக்குச் சற்று மேற்கே ஒற்றென்ஸ்ஹைம் என்ற ஊரில் உள்ளதற்கு இயந்திரமே இல்லை. ஆற்றின் குறுக்கே உயரக் கட்டிய கம்பிவடத்தில் ஓடம் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஓடக்காரர் அதைச் சற்றுச் சரித்துப் பிடிக்க, நீரோட்டமே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு அக்கரை சேர்க்கிறது. சத்தமின்றி ஆற்றைக் கடப்பது இனிய அனுபவம். காவியத்தில் வரும் ஆறு கடக்கும் காட்சியோ கொடியது. நீர்மகளிர் ஹாகனிடம், உங்களுள் அரசரின் குருவானவர் ஒருவரே உயிரோடு மீள்வார் என்று எச்சரிக்கிறார்கள். அதைப் பொய்யாக்க எண்ணி, நடு ஆற்றில் அக்குருவானவரைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறான் ஹாகன். நீந்தத் தெரியாத அவர் எப்படியோ புறப்பட்ட கரையையே அடைந்துவிடுகிறார். எதிர்க்கரை சேர்ந்ததும் ஹாகன் ஓடத்தை அடித்து நொறுக்குகிறான். இனித் திரும்பும் வழி எவருக்கும் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இப்பயணத்தில் நான் தேடிச் சென்ற கேள்விக்கு வருகிறேன். பெயர் தெரியாத புலவனின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வாளர் பலரும் கூறும் விடை இது: அவன் எந்த வழியைச் சரியாகச் சொல்கிறான் என்று பாருங்கள். றைன் நதிப் பக்கத்தில் அவன் தடுமாறுகிறான். சீக்பிரீட் கொல்லப்படும் வேட்டை, சில சுவடிகளின்படி வோஜ் மலைக்காட்டில் நடக்கிறது. வேட்டையாடியவர்களோ ஊர் திரும்ப றைனைக் கடக்கிறார்கள். வோம்ஸ் நகரும் வோஜ் மலையும் ஆற்றின் ஒரே கரையில் இருக்கும்போது ஆற்றைக் கடப்பது எதற்கு? மற்றொரு சுவடி இதைக் கண்டுகொண்டு, அக்கரையிலுள்ள ஓடன்வால்ட் காடு என்று திருத்துகிறது. ஆனால் பாஸவைத் தாண்டியதும் புலவனின் நடை மாறுகிறது. எஃபெர்டிங், திரவுன் ஆறு, என்ஸ், பெக்லார்ன், மெல்க், மௌட்டர்ன், துல்ன், வியன்னா என்று ஊர்கள் உரிய ஒழுங்கில் வருகின்றன. இது வரைபடத்தைப் பார்த்து எழுதியவனின் ஒழுங்கன்று. போய் வந்தவனின் ஒழுங்கு.

இன்னொன்று. கதை நிகழும் காலம் ஐந்தாம் நூற்றாண்டு. ஆனால் கிரீம்ஹில்டின் மாமனாக, பாஸவின் ஆயர் பிலிகிரிம் வருகிறார். இவர் வரலாற்றில் 971 முதல் 991 வரை அப்பதவியில் இருந்தவர். ஐந்நூறு ஆண்டுக் கால வழு! பாஸவின் பெருமையைப் பேசவேண்டிய கடப்பாடு புலவனுக்கு இருந்திருக்கிறது. 1191 முதல் 1204 வரை அங்கு ஆயராயிருந்த வொல்ஃகரே அவனைப் புரந்தவர் என்று பலரும் கருதுவர்.

லின்ஸில் ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பெயர் நிபெலுங்கன் பாலம். 1938க்கும் 1940க்கும் இடையில் நாஜிகள் கட்டியது. பெயர் இன்றும் அதுவே. அடுத்து என்ஸ் நகரை அணுகுகையில் எதிர்க்கரையில் மௌட்ஹவுசன் தெரிகிறது. அழகான சிற்றூர். கரையிலிருந்து செங்குத்தான சாலையில் ஏறினால், 1938 ஓகஸ்டில் தொடங்கிய வதைமுகாம். இங்கும் இதன் கிளை முகாம்களிலும் ஏறக்குறைய 190,000 பேர் அடைக்கப்பட்டனர். குறைந்தது 90,000 பேர் மாண்டனர். கருங்கல் அகழியிலிருந்து 186 படிகள் வழியே கைதிகள் கல் சுமந்தார்கள். ஆற்றின் தென்புறத்தில் சாங்க்ட் வலன்ரீனில் இருந்த டாங்கித் தொழிற்சாலைக்கும் 'நிபெலுங்கன்' என்றே பெயர். அங்கும் இம்முகாமின் கைதிகள் உழைத்தார்கள். 1943 ஜனவரி 30ஆம் நாள், ஸ்டாலின்கிராட்டில் ஜேர்மன் படை அழிந்துகொண்டிருக்கையில், கோரிங் தன் வானொலி உரையில் அவ்வழிவை எட்செலின் எரியும் மண்டபத்தில் நின்று போரிட்ட நிபெலுங்கருக்கு ஒப்பிட்டான். ஒரு காவியத்தை எவ்வளவு தவறாக வாசிக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. படிகளைப் பார்த்தபின் அன்று மாலை வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தவறான வாசிப்பு என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது பெக்லார்னுக்கு வந்தால் விளங்கும். இன்று இது ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். கரையில், காவியம் நிகழ்ந்த நகரங்களின் சின்னங்களைப் பொறித்த நினைவிடம் ஒன்றுண்டு. இங்கே வாழ்ந்தவனாகக் காவியம் கூறும் ரூடிகரே, என் கணிப்பில், அதன் மிகச் சிறந்த பாத்திரம். கிரீம்ஹில்டிடம் தூது சென்று, உன் துயரைத் தீர்ப்பேன் என்று சத்தியம் செய்து அழைத்துவந்தவன் அவன். பின்னர் அவளுடைய உடன்பிறந்தார் வருகையில் வீட்டில் விருந்தளித்து, இளையவனுக்குத் தன் மகளை நிச்சயம் செய்து, இன்னொருவனான கேர்னோட்டுக்கு ஒரு வாளும் பரிசளித்து, தானே வழிகாட்டிக் கூட்டிச் செல்கிறான். எட்செலின் அரண்மனையில் போர் மூண்டதும், சத்தியத்தைக் காட்டி அரசி அவனைப் போருக்கு அழைக்கிறாள். எட்செல் அவனுக்கு நிலம் தந்த மன்னன். செஞ்சோற்றுக் கடன் என்று நமக்கு உடனே கர்ணன் நினைவுக்கு வருவான். ஆனால் ரூடிகரின் இக்கட்டு வேறு. எதிரே நிற்பவர்கள் அவன் வீட்டில் உண்டவர்கள். அவனை நம்பி வந்தவர்கள். எதைச் செய்தாலும் அறம் பிழைக்கும் என்று அவனே புலம்புகிறான். போரிடப் போகும் வேளையிலும், கேடயம் உடைந்து நின்ற ஹாகனுக்குத் தன் கேடயத்தைக் கழற்றிக் கொடுக்கிறான். பின்பு, தான் பரிசளித்த அதே வாளால் கேர்னோட்டின் கையில் வெட்டுண்டு மடிகிறான்; கேர்னோட்டையும் வீழ்த்திவிட்டே மடிகிறான். இதைப் பாடியவன் போரின் பெருமையைப் பாட வந்தவன் என்று எவரால் சொல்ல முடியும்?

மெல்க் நகரின் மடாலயமும், அதையடுத்து வரும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணுக்கு விருந்து. அவற்றைப் பயண நூல்கள் போதியளவு புகழ்ந்திருக்கின்றன. எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்தது ஒரு பாடபேதம். அரசியான கிரீம்ஹில்ட் துல்ன் நகருக்கு முன்னர் தங்கிய ஊர், சில சுவடிகளில் சைசல்மௌர் என்றும், வேறு சிலவற்றில் திரைஸ்மௌர் என்றும் காணப்படுகிறது. இரண்டும் இன்றும் உள்ள ஊர்கள். திரைஸ்மௌர் துல்னுக்கு மேற்கே. சைசல்மௌர் துல்னைத் தாண்டியபின் கிழக்கே. மேற்கிலிருந்து வருபவள் துல்னுக்கு முன்னர் சைசல்மௌரில் எப்படித் தங்குவாள்? எது சரியான பாடமென்று சைக்கிள் ஓட்டுபவனுக்கு ஒரு முற்பகலில் தெரிந்துவிடுகிறது. துல்ன் ஆற்றங்கரையில், எட்செலும் கிரீம்ஹில்டும் சந்திக்கும் காட்சியை வெண்கலத்தில் வடித்த நீரூற்று 2005ஆம் ஆண்டு முதல் இருக்கிறது.

வியன்னாவில் திருமண விழா பதினேழு நாள் நடந்ததாம். நாங்கள் ஒரு நாள் தங்கினோம். கிழக்கே ஹைன்பேர்க் அருகே ஆற்றங்காடு உண்டு. 1984 டிசம்பரில், மின் நிலையம் ஒன்றுக்காக இக்காட்டை வெட்ட முற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் குளிரில் கூடாரமடித்துத் தடுத்தார்கள். 1996இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அதனால்தான் நிபெலுங்கர் கண்ட ஆற்றின் சாயல் அங்கே இன்னும் எஞ்சியிருக்கிறது.

எட்செலின் தலைநகரென்று பலரும் கருதும் எஸ்டர்கோமை ஸ்லோவாக்கியப் பக்கத்திலிருந்து பாலத்தால் அடைந்தோம். இப்பாலத்தை 1944 டிசம்பரில் பின்வாங்கிய ஜேர்மன் படை தகர்த்தது. 2001 வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள், அது உடைந்தபடியே நின்றது. இப்போது அதில் கடவுச்சீட்டைக் கேட்பதற்கு எவருமில்லை.

காவியம் எட்செலின் மண்டபத்தோடு முடிகிறது. ஆனால் பெரும்பாலான சுவடிகளில் அதன் பின்னால் 'கிளாகே', அதாவது புலம்பல், என்றொரு நூல் சேர்ந்தே வருகிறது. அதில், மாண்டவர்களின் செய்தியைச் சுமந்து தூதர்கள் அதே ஆற்றுவழியால் மேற்கே திரும்புகிறார்கள். பெக்லார்னில் ரூடிகரின் மனைவியிடமும் மகளிடமும் உண்மையை மறைக்க முயன்று, முடியாமல் போகிறது. பாஸவில் ஆயர் பிலிகிரிம், சுவெம்மல் என்னும் பாணனிடம் கண்டதையெல்லாம் கேட்டறிந்து, கொன்ராட் என்ற எழுத்தரைக் கொண்டு இலத்தீனில் எழுதுவித்தார் என்று அந்நூல் கூறுகிறது. அந்த இலத்தீன் ஏடு இன்றுவரை கிடைக்கவில்லை.