கண்ணாடித் தொட்டியிற் கடல்மீன் கூட்டம்

மலைநாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைகள் பலருக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்திற் காணும் ஒரு பெயராகவே இருந்துவிடுகிறது. எங்கள் நாவலப்பிட்டிச் சந்தைக்குக் கடல் வந்து சேர்வது நெத்தலிக் கருவாட்டின் உருவத்திலேதான். உயிரோடிருக்கையில் அதே நெத்தலி ஆயிரக்கணக்கிற் கூடி, ஒரே உடம்புபோலத் திரும்பி, வெள்ளித் தகடென மின்னி நீந்தும் காட்சியை எம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கண்டிருப்பர்?

அக்காட்சியில் ஒரு சிறு துளியையேனும் வீட்டிலே காட்டவேண்டும் என்னும் ஆசை சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுந்தது. இரண்டரை அடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கினேன். ஏறத்தாழ 110 லீற்றர் நீர் கொள்வது அது. பின்னர்க் கொழும்புக்குச் சென்று, ‘பச்சைக் குரோமிஸ்’ என்னும் கடல்மீன்கள் ஏழினை ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் இட்டுப் புகையிரதத்திற் கொண்டுவந்தேன். “இவை சாதுவானவை, கூட்டமாகவே வாழும்” என்று வியாபாரி உறுதி கூறியிருந்தார்.

முதல் வாரம் அவர் சொன்னது மெய்யாகவே இருந்தது. இளம்பச்சையும் நீலமும் கலந்த அவ்வேழு மீன்களும் ஒன்றையொன்று நெருங்கி நீந்தின. அயல்வீட்டாரும் மாணவரும் வந்து பார்த்து மகிழ்ந்தனர். மூன்றாம் வாரத்தில் ஒருநாட் காலை என் மகள், “அப்பா, எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கின்றன” என்றாள். வாற்செட்டை கிழிந்த ஒரு சிறு மீன் நீரிறைக்கும் பொறியின் பின்னே இறந்து கிடந்தது. அதன்பின் ஐந்து, நான்கு என்று குறைந்து, நான்கு மாதத்தில் எஞ்சியது ஒன்றே. அது எல்லாவற்றினும் பெரியது.

நோயென்று முதலில் எண்ணினேன். இவ்வினத்தை நோய் பீடிப்பதும் உண்டு. ஆனால், மாலை வேளைகளில் தொட்டியின் முன் அமர்ந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பெரியது அடுத்ததைத் துரத்தும். அடுத்தது அதனிலும் சிறியதைத் துரத்தும். எல்லாவற்றினும் எளிய மீனுக்கு ஒளிய இடமில்லை; உண்ண விடுவாருமில்லை. அது மடிந்தவுடன் அடுத்த எளியதன் முறை வந்தது.

மீன்கள் ஏன் கூடுகின்றன?

பிழை மீனுடையதன்று, தேர்ந்தெடுத்த என்னுடையது. கடலிலே சிறு மீன்கள் கூடி வாழ்வதற்குத் தலையாய காரணம் அச்சமே. நூறு மீன்கள் ஒன்றாய்த் திரும்பும்போது, துரத்தி வரும் பகைமீன் எதனைக் குறிவைப்பதென்று தடுமாறும். பல கண்கள் காவல் செய்வதால் ஆபத்தும் முன்னரே தெரிந்துவிடும். ஒன்றோடொன்று மோதாமல் அவை எவ்வாறு திரும்புகின்றன என்பதற்கு விடை கண்ணும், உடலின் இருபுறமும் ஓடும் ‘பக்கக்கோடு’ என்னும் உணர்வுறுப்புமாகும். அயலிலுள்ள மீன் அசைக்கும் நீரை அக்கோடு உணரும். 1976இல் பிச்சர், பாட்ரிட்ஜ், வார்டில் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர், கண்களை மறைத்த மீனும் கூட்டத்தோடு இணைந்து நீந்தவல்லது என்று காட்டினர்.

எம் வீட்டுத் தொட்டியிலோ பகைமீன் இல்லை. புதிய இடம் என்னும் அச்சம் நீங்கும்வரை மீன்கள் கூடியிருக்கும். அது நீங்கியதும் உரிமைச் சண்டை தொடங்கும். கடலிலே தோற்ற மீன் விலகி ஓடப் பரந்த வெளி உண்டு. தொட்டியில் ஓடினாற் கண்ணாடி. ஆகவே, “இது கடலிற் கூடி வாழும் மீனா?” என்று மட்டும் வினவுதல் போதாது. “இவ்வளவு சிறிய இடத்திலும், அச்சம் நீங்கிய பின்னும், இது அயலானைப் பொறுத்து வாழுமா?” என்பதே நாம் வினவ வேண்டிய வினா.

எம்மீன் தகும்?

இவ்வினாவை வைத்துச் சில இனங்களை நோக்குவோம். நான் வாங்கிய குரோமிசுக்கு ஆறடித் தொட்டியேனும், ஒளிவதற்குப் பல பிளவுகளும் வேண்டும். அப்போதுங்கூட எண்ணிக்கை குறையாதென்று உறுதி கூற இயலாது.

‘அந்தியாஸ்’ என்னும் செம்மஞ்சள் மீன்கள் பேரழகு வாய்ந்தவை. அவை பெண்ணாகவே வளர்கின்றன. கூட்டத்தின் ஆண் இறந்துபோனால் பெரிய பெண் ஒன்று சில வாரங்களில் ஆணாக மாறும். மாணவருக்கு இதனினும் வியப்பான பாடம் வேறில்லை. ஆனால் அவற்றுக்கு நாளொன்றுக்குப் பலமுறை இரை இடவேண்டும். காலையிற் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் புறப்பட்டு மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு இது இயலாத காரியம்.

வரிகளையுடைய கடற்கெழுத்தியின் குஞ்சுகள் பந்துபோற் திரண்டு உருளும் காட்சி கண்ணைப் பறிக்கும். அதில் மயங்கி வாங்கிவிடாதீர்கள். அதன் செட்டை முட்களில் நஞ்சுண்டு. சிறுவர் உள்ள வீட்டுக்கு ஆகாது. வளர்ந்து ஓரடி நீளமாகும்போது அக்கூட்டமும் கலைந்துபோகும். களப்புகளிலும் கழிமுகங்களிலும் திரியும் வெள்ளி நிறத் தட்டை மீனாகிய ‘மோனோ’ கூட்டமாய் நீந்துவதில் தேர்ந்தது. ஆயினும் உள்ளங்கையைவிடப் பெரிதாய் வளர்வதால் அதற்கும் பெருந்தொட்டியே வேண்டும்.

இனி, ‘கார்டினல்’ இனத்துக்கு வருவோம். அவற்றுள் ‘பைஜாமா கார்டினல்’ எனப்படுவது முன்பாதி மஞ்சளும், நடுவே கரும்பட்டையும், பின்பாதியிற் செம்புள்ளிகளும், சிவந்த கண்களும் கொண்டது. ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் வளரும். இரவிலே இரை தேடும் இம்மீன், பகலில் நிழலான இடத்தில் தன் இனத்தோடு அசையாது நிற்கும். ஓடித்திரும்பும் அணிவகுப்பை இதனிடம் எதிர்பார்க்கலாகாது. ஆனால் அமைதியை எதிர்பார்க்கலாம். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் ஐந்தினை வைக்கலாம்.

இதன் உறவாகிய ‘பங்காய் கார்டினல்’ பற்றியும் ஒரு சொல். இந்தோனீசியாவின் பங்காய்த் தீவுகளே இதன் தாயகம். இதன் தந்தை மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறக்குறைய ஒரு மாதம் இரையுண்ணாது தன் வாயிலே சுமக்கும். 1990களில் இம்மீன் வியாபாரத்துக்கு வந்தபின், ஆண்டுதோறும் பல இலட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. 2007இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமென்று சர்வதேசச் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வளர்ந்ததும் ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து மற்றவற்றை விரட்டும் இயல்புடையதாதலின், கூட்டமாக வைக்க இது தகாது.

இக்காரணங்களாலேயே, மீன் வாங்கும்போது அது கடலிற் பிடித்ததா, பண்ணையிற் குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேட்டறிதல் நம் கடமை. மேற்கூறிய கார்டினல் இரண்டுமே பண்ணையில் வளர்க்கப்படுகின்றன. 1998இல் கடல்நீர் மிகையாய்ச் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் பெருமளவு பவளம் வெளிறி மடிந்தது. தம் வீட்டை இழந்து தவிக்கும் மீன்களை நம் வீட்டு அலங்காரத்துக்காகவும் அள்ளிவரலாமா?

மலையூரில் உப்புநீர்

ஏறக்குறைய 1,900 அடி உயரத்திலுள்ள எங்களூரிற் கடல்நீருக்கு எங்கே போவது? இதற்கெனவே விற்கப்படும் கடலுப்புக் கலவையை லீற்றருக்கு 35 கிராம் வீதம் கரைக்கலாம். சமையலுப்பு உதவாது; கடல்நீரிலுள்ள மகனீசியம், கல்சியம் முதலியவை அதிற் போதியளவு இல்லை. குழாய்நீரிலுள்ள குளோரினை முன்னரே நீக்கவேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றவேண்டும். ஏனெனில் நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை.

கொழும்பில் தொட்டிநீர் சூடேறுவதே கவலை. எமக்கோ மார்கழி, தை இரவுகளின் குளிரே கவலை. 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நிலைநிறுத்த ஒரு வெப்பமூட்டி வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படுவதுண்டாகையால், மின்கலத்தில் இயங்கும் காற்றூதி ஒன்றும் கைவசம் இருத்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அமோனியாவை மாற்றும் பற்றீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை தொட்டியை மீனின்றி விட்டுவைக்கும் பொறுமை வேண்டும்.

இத்தனையும் இயலாதென்பார் மனந்தளர வேண்டாம். ‘புலத் ஹபயா’ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் நன்னீர் மீன் இலங்கைக்கே உரியது. வெற்றிலை மெல்லுவோன் என்பது அப்பெயரின் பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலைப்புறம் சிவப்பதாலே அப்பெயர் வந்தது. களனி முதலிய ஆறுகளின் ஓடைகளுக்கு உரிய அது, பின்னர் மகாவலியிலும் விடப்பட்டு நிலைபெற்றது. பண்ணையில் வளர்த்தவற்றில் ஆறேழினை வாங்கி, கூட்டமாய் வாழும் மீனின் இயல்பை முதலில் அதனிடமே கற்கலாம். ஓடையிற் சென்று பிடித்துவருதல் கூடாது.

எஞ்சிய அந்த ஒற்றைக் குரோமிஸ் மேலும் ஓராண்டு வாழ்ந்தது. இரவில் விளக்கை ஏற்றியதும் அது கண்ணாடியில் தெரியும் தன் நிழலருகே சென்று நிற்கும். அதனைத் துணையென்று எண்ணிற்றோ, பகையென்று எண்ணிற்றோ, நானறியேன். அது இறந்தபின் பெரிய தொட்டி ஒன்றை அமைத்து, பண்ணையில் வளர்ந்த பைஜாமா கார்டினல் ஐந்தினை விட்டோம். இன்றும் பள்ளிக்குப் புறப்படுமுன் என் மகள் அவற்றை எண்ணிப் பார்க்கத் தவறுவதில்லை. ஐந்தும் இருக்கின்றன.