டச் போச்சா, டிஸ்பிளே போச்சா?

நோக்கியா 3310 போனின் திரையை மாற்றப் பெரிய வித்தை எதுவும் தேவைப்பட்டதில்லை. பின்மூடியைத் தள்ளி பேட்டரியை எடுத்து, முன்பக்கக் கவரை உரித்தால், நட்சத்திரத் தலை வைத்த சின்ன ஸ்க்ரூக்கள் தெரியும். ஒரு டி6 ஸ்க்ரூ டிரைவர் போதும். திரையில் பசையும் கிடையாது, சால்டரும் கிடையாது. ஸ்பிரிங் கம்பிகள் போர்டின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். 84-க்கு 48 புள்ளிகள், அவ்வளவுதான் அந்தத் திரை. அது உடைவதே அபூர்வம், ஏனென்றால் அதற்கு மேலே இருந்தது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். கீறல் அதிகமானால் புதுக் கவர் வாங்கிப் போட்டுக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டு ஓரக் கடைகளில் கலர் கலராகத் தொங்கும்.

இவ்வளவு சுலபமாக இருந்த காலத்தில் யாரும் அதை வீட்டில் செய்ததில்லை என்பதுதான் வேடிக்கை. தெருமுனைக் கடையில் போனைக் கொடுத்துவிட்டு, சிம்மை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். போனுக்குள் மிஞ்சி இருந்தது நாலு எஸ்.எம்.எஸ்., பாம்பு விளையாட்டின் ஸ்கோர். யார் பார்த்தால் என்ன?

இன்று நிலைமை தலைகீழ். வேலை கடினமாகிவிட்டது, ஆனால் வீட்டிலேயே செய்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். காசு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. "பேட்டர்ன் சொல்லிட்டுப் போங்க சார், டச் செக் பண்ணணும்" என்று கடைக்காரர் இயல்பாகக் கேட்கும்போது நமக்குத் திக்கென்கிறது. பேங்க் ஆப், ஓ.டி.பி., ஆதார், வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். சாயங்காலம் வரை போன் இல்லாவிட்டால் டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கவும் திண்டாட்டம்.

நடுவில் நடந்தது என்ன? 2007-இல் ஐபோன் வந்தபோது, பிளாஸ்டிக் திரையில் கீறல் விழுகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கண்ணாடிக்கு மாறினார். கார்னிங் நிறுவனம் செய்துகொடுத்தது. அதிலிருந்து போனின் முகமே கண்ணாடி. தொடக்கத்தில் வந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் மேலே டச் கண்ணாடி தனி, கீழே டிஸ்பிளே தனி. சாம்சங் கேலக்ஸி ஒய் அப்படித்தான். போனைக் கையில் வாங்கியதும் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "டச் போச்சா, டிஸ்பிளே போச்சா?" டச் மட்டும் என்றால் செலவு குறைவு.

பிறகு போன்கள் மெலியத் தொடங்கின. கண்ணாடி, டச், டிஸ்பிளே மூன்றையும் ஒளி ஊடுருவும் பசையால் ஒரே தகடாக ஒட்டினார்கள். 2012-இல் வந்த ஐபோன் 5-இல் டச் தனி அடுக்காகக்கூட இல்லை, டிஸ்பிளேக்குள்ளேயே போய்விட்டது. வெயிலில் எழுத்து நன்றாகத் தெரிந்தது, மறுக்க முடியாது. ஆனால் மூலையில் ஒரு விரிசல் விழுந்தாலும் மொத்தத்தையும் வாங்க வேண்டும். கடையில் அதற்குப் பெயர் காம்போ. சிலர் ஃபோல்டர் என்பார்கள். பழைய போனென்றால் அதை விற்றால் கிடைக்கும் தொகையைவிட காம்போவின் விலை கூடுதலாக இருப்பதும் உண்டு.

வீட்டில் மாற்றுவது என்றால் முதல் எதிரி பசை. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் பின்பக்கமாகத் திறக்கும். ஹேர் டிரையரால் ஓரங்களைச் சூடாக்கி, பழைய ஏ.டி.எம். கார்டைப் போல மெல்லிய பிளாஸ்டிக்கை நுழைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். பின்மூடியில் கைரேகை சென்சார் இருந்தால், அதன் ஸ்ட்ரிப் போர்டோடு இணைந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் முதலில் பிரிக்க வேண்டியது பேட்டரி கனெக்டர். பேட்டரிப் பக்கம் இரும்பு ஆயுதமே கூடாது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

காம்போ இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஃபிரேம் இல்லாதது விலை குறைவு. ஆனால் உடைந்த கண்ணாடியைப் பழைய ஃபிரேமிலிருந்து சில்லு சில்லாகப் பெயர்க்க வேண்டும். அகலமான செலோடேப்பை முழுக்க ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். அப்படியும் கண்ணாடித் தூள் விரலில் ஏறும். ஃபிரேமோடு வாங்கினால் போர்டு, ஸ்பீக்கர், பேட்டரி எல்லாவற்றையும் புது வீட்டுக்குக் குடிமாற்ற வேண்டும். பேட்டரியை இழுத்தெடுக்கப் பட்டை இருக்கும் போனாக இருந்தால், நான் ஃபிரேமோடு வாங்கச் சொல்வேன். எதுவானாலும், பசை போடுவதற்கு முன் கனெக்டரை மட்டும் மாட்டி, திரை எரிகிறதா, டச் எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். பார்த்துவிட்டால், டி-7000 பசை தடவி ரப்பர் பேண்டு போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடலாம்.

ஒரிஜினல் என்று விற்பதையெல்லாம் நம்ப வேண்டாம். அமோலெட் திரை இருந்த போனுக்கு மலிவான எல்.சி.டி. காம்போவும் வருகிறது. போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். திரையின் மேலேயே கைரேகை வைக்கும் வசதியும் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது எதிரி சாஃப்ட்வேர். 2021-இல் வந்த ஐபோன் 13-இல் வெளியாள் திரையை மாற்றினால் ஃபேஸ் ஐ.டி. நின்றுபோனது. கூச்சல் எழுந்த பிறகுதான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. ஸ்க்ரூ டிரைவரால் இதற்கெல்லாம் வழி செய்ய முடியாது, சட்டம்தான் பேச வேண்டும். இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு இணையதளம் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜூன் முதல், ஒரு போனின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்பது விதி. நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வாரண்டி முடிந்த, எல்.சி.டி. திரை வைத்த சாதாரண போனா? பொறுமை இருந்தால் வீட்டில் இறங்கலாம். அமோலெட், ஓரம் வளைந்த திரை, ஐபோன் என்றால் கடைக்கே போங்கள். பேட்டர்ன் பயத்துக்கும் இப்போது வழி இருக்கிறது: சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட். அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்கள் கடைக்காரர் கண்ணுக்கே தெரியாது. திரை தொடவே முடியாதபடி போயிருந்தால் இது நடக்காது. அதனால் பேக்கப்பை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

கடையில் கொடுத்தால் பழைய டிஸ்பிளேயைக் கேட்டு வாங்குங்கள். மேல் கண்ணாடி மட்டும் உடைந்து உள்ளே படம் நன்றாகத் தெரிந்தால் அதற்கு விலை உண்டு. மெஷின் வைத்திருப்பவர்கள் புதுக் கண்ணாடி ஒட்டி அதை ஒரிஜினல் என்று விற்கிறார்கள். கடைக்காரர் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னால் அந்தக் காசைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.