டாக்டர் மேஜையில் கம்ப்யூட்டர்... வாங்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்!

சின்ன ஊரில், இரண்டே அறைகளில் கிளினிக் நடத்தும் டாக்டரைத் தேடி முன்பெல்லாம் மருந்து கம்பெனி பிரதிநிதிகள்தான் வருவார்கள். இப்போது அவர்களோடு இன்னொரு கூட்டமும் காத்திருக்கிறது. டோக்கன் ஆப், பிரிஸ்கிரிப்ஷன் சாஃப்ட்வேர், கையடக்க ஸ்கேன், எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லும் ஏ.ஐ. என்று ஆளுக்கொரு பொருளைக் கடைவிரிக்கிறார்கள். 'பக்கத்துத் தெரு டாக்டர் வாங்கிட்டாரு சார்' என்ற ஒரு வார்த்தை போதும், பலருக்குக் கை பரபரக்கும்.

மளிகைக் கடைக்காரர் தவறான பில்லிங் மெஷினை வாங்கினால் நஷ்டம் அவரோடு போய்விடும். கிளினிக்கில் அப்படியில்லை. 'இந்தப் பாட்டிக்கு பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று பழைய நோட்டில் எழுதிவைத்த ஒரு வரி, புது சாஃப்ட்வேருக்கு மாறும்போது விடுபட்டால், அதற்கான விலையைக் கொடுப்பது அந்தப் பாட்டி. அதனால்தான் டாக்டர் எதை வாங்குகிறார், எதைத் தவிர்க்கிறார் என்பது நம் எல்லோருடைய கவலையும்கூட. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. எந்தப் பிரச்னைக்கு இது மருந்து?

மதுரையில் 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்து மக்கள் கண்ணைக் காட்ட நகரத்துக்கு வர வேண்டுமென்றால் பஸ் காசு, ஒருநாள் கூலி, கூடவே துணைக்கு வருபவரின் கூலி என எல்லாம் போகும். அதனாலேயே பலர் வராமல் இருந்தார்கள். இதுதான் பிரச்னை.

அதற்கான தீர்வாக வந்தவை கிராமங்களில் அமைந்த பார்வை மையங்கள். 2000-களின் நடுவில், தேனி பகுதியில் இந்த மையங்களையும் மருத்துவமனையையும் தொலைதூர வை-ஃபை மூலம் இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு உதவினார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே வேலை முடிந்துவிடும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

முதலில் பிரச்னையைப் பிடித்தார்கள், அதற்கேற்ற கருவியைப் பிறகு தேடினார்கள். கருவியை வாங்கிவிட்டு 'இதை எதற்குப் பயன்படுத்தலாம்?' என்று யோசிக்கும் கிளினிக்குகளில்தான், மெஷின்மேல் துணி போர்த்தி மூலையில் நிறுத்தியிருப்பார்கள்.

2. நம்ம கிளினிக்கில் ஓடுமா?

சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் ஏ.ஐ.-யை கூகுள் உருவாக்கியது. ஆராய்ச்சியில் அதன் துல்லியம் 90 சதவிகிதத்துக்கும் மேல். அதை தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்து, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2020-ல் வெளியானது.

செலுத்திய 1,838 படங்களில் 21 சதவிகிதத்தை 'தெளிவில்லை' என்று ஏ.ஐ. ஏற்க மறுத்துவிட்டது. காரணம் எளிமையானது. கண்ணைப் படமெடுக்க இருட்டான அறை வேண்டும். பல கிளினிக்குகளில் அப்படி ஓர் அறையே இல்லை. இன்டர்நெட் வேகமும் குறைவு. ஒவ்வொரு படமும் மேலே ஏறும்வரை நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். ஏ.ஐ. தன் வேலையில் கெட்டிதான். அது வந்து சேர்ந்த அறைதான் அதற்குத் தோதாக இல்லை.

எனவே, ஏ.சி. ஹாலில் காட்டும் டெமோவை நம்பிக் காசோலையில் கையெழுத்துப் போடக் கூடாது. கூட்டம் நெரியும் திங்கள்கிழமை மாலை, கரன்ட் போய் வரும் நேரத்தில், கிளினிக்கிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் கருத்தையும் கேட்பது முக்கியம். டாக்டரைவிட அதிக நேரம் அந்த சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர்தான்.

3. நாளைக் காலை இது நின்றுபோனால்?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைச் சைபர் தாக்குதல் முடக்கியது. நோயாளிகள் பதிவு, பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் பல நாள்கள் பேப்பரிலும் பேனாவிலும் நடந்தன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே இதற்குக் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால், தகவல்களை மீட்க முடிந்தது.

அதற்கு முன்பு, 2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைத் தாக்கியபோது ஏராளமான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டதன் விலை அது.

சின்ன கிளினிக்குக்குப் பெரிய பாதுகாப்புப் படை தேவையில்லை. தகவலுக்கு மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிப்பு, அதில் ஒன்றாவது கிளினிக்குக்கு வெளியே இருந்தால் நல்லது. வரும் அப்டேட்களை உடனுக்குடன் போட வேண்டும். மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு சீட்டை இன்றே கிழிக்க வேண்டும். மேஜை டிராயரில் ஒரு கட்டு பிரிஸ்கிரிப்ஷன் பேடும் இருக்கட்டும்!

4. என் நோயாளிகளின் தகவல் யார் கையில்?

சாஃப்ட்வேர் கம்பெனியிடம் டாக்டர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது: 'அடுத்த வருஷம் நான் சந்தா கட்டலைன்னா, எல்லா நோயாளிகளோட பதிவையும் வெளியே எடுத்துக்க முடியுமா?' பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் கம்பெனி வேண்டாம். உள்ளே போக வழி இருந்து, வெளியே வர வழி இல்லாத வீட்டுக்கு யாரும் குடிபோக மாட்டார்கள்.

மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 'சர்வர் டவுன்' என்பது அதற்குப் பதிலாகாது. 14 இலக்க 'ஆபா' எண்ணோடு இணையும் வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். நோயாளி ஊர் மாறினாலும் ரிப்போர்ட்டுகள் அவரோடு போகும்.

5. டாக்டரின் நேரம் மிச்சமாகுமா?

அமெரிக்காவில் 57 டாக்டர்களை உடனிருந்து கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கம்ப்யூட்டர் பதிவு மற்றும் மேஜை வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனதாம். ஐந்து நிமிடத்தில் ஒருவரைப் பார்க்கும் நம் ஊர் டாக்டர், அதில் மூன்று நிமிடம் திரையையே பார்த்தால், நோயாளியின் முகவாட்டத்தை யார் பார்ப்பது? நான்கு க்ளிக்கில் முடிய வேண்டிய வேலைக்குப் பதினான்கு க்ளிக் கேட்கும் சாஃப்ட்வேரை, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

6. சின்னக் கருவிதானே என்று விட்டுவிடலாமா?

விலையுயர்ந்த பி.பி. மெஷின் வாங்கி, எல்லாருக்கும் ஒரே கைப்பட்டையைச் சுற்றினால் பயனில்லை. பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால், பி.பி. இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தேவையில்லாத மாத்திரை அங்கிருந்தே ஆரம்பமாகிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், கறுத்த சருமம் உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவைக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. ஆகவே கருவி சொல்லும் எண்ணோடு, நோயாளியின் மூச்சையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றாலும், சிசுவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாமல் வைத்திருந்தால் குற்றம்.

நோயாளிகள் என்ன செய்யலாம்?

* ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருங்கள். கிளினிக் கம்ப்யூட்டரில் அது பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

* பிரின்ட் எடுத்த பிரிஸ்கிரிப்ஷன் என்றாலும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் முன்பே படித்துப் பாருங்கள். ஒரு க்ளிக் தவறினால் பட்டியலில் அடுத்த மருந்து வந்து உட்கார்ந்துவிடும்.

* ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், அது யாருடைய நம்பர் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் அலமாரியும் ஒரு பேக்கப்தான்!

டாக்டர் எந்த மெஷின் வாங்கியிருக்கிறார் என்று பார்த்து பிரமிக்க வேண்டியதில்லை. 'போன தடவை கொடுத்த மாத்திரை ஒத்துக்கிச்சாம்மா?' என்று அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்க அந்த மெஷின் நேரம் கொடுக்கிறதென்றால், அதற்குக் கொடுத்த காசு வீணாகவில்லை.